1789: யார் கையில் என்ன இருந்தது?

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் பலருக்கும் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த அந்தக் கேலிச்சித்திரம்தான் நினைவுக்கு வரும். முதுகு வளைந்த ஒரு குடியானவர், அவர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு மதகுருவும் ஒரு பிரபுவும். வரைந்தவர் கெட்டிக்காரர். அன்றைய பிரான்ஸ் மூன்று 'எஸ்டேட்'களாக, அதாவது அடுக்குகளாகப் பிரிந்திருந்தது: மதகுருக்கள் முதலாவது, பிரபுக்கள் இரண்டாவது, மற்ற எல்லோரும் மூன்றாவது. ஆனால் அதை வைத்துக்கொண்டு "மூன்றாம் எஸ்டேட்டுக்கு லாபம், மற்ற இரண்டுக்கும் நட்டம்" என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கலாமே தவிர, நடந்தது பிடிபடாது. போர்தோ துறைமுகத்தில் கப்பல் வைத்திருந்த வணிகர் மூன்றாம் எஸ்டேட். அவர் வீட்டில் பாத்திரம் துலக்கிய பெண்ணும் மூன்றாம் எஸ்டேட். ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) வருமானம் பார்த்த ஸ்ட்ராஸ்பூர் ஆயர் முதல் எஸ்டேட். 700 லிவ்ரில் ஆண்டை ஓட்டிய கிராமத்துப் பங்குத்தந்தையும் முதல் எஸ்டேட்.

அதனால் எஸ்டேட் கணக்கை ஒதுக்கிவிட்டு வேறொரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். சட்டம் மாறிய நாளில் ஒருவரிடம் இருந்தது என்ன? நிலமா, காகிதமா, உழைக்கிற இரண்டு கைகள் மட்டுமா? காகிதம் என்றால் கடன் பத்திரம், அரசு வேலைக்கான பட்டயம், நிலப்பிரபுவின் உரிமை ஆவணம் எல்லாம் சேர்த்தி. பணக்கணக்கு புரிய ஒரு குறிப்பு: 20 சூ சேர்ந்தது ஒரு லிவ்ர். பாரிஸில் ஒரு சாதாரணக் கூலியாளின் நாள் வருமானம் 20 முதல் 30 சூ.

முதலில் குடியானவர்கள். 1789 ஜூலை, ஆகஸ்டில் கிராமங்கள் கொந்தளித்து, கோட்டை வீடுகளுக்குள் புகுந்து ஆவணங்களைக் கொளுத்தின. ஆகஸ்ட் 4 இரவு தேசிய சபை கூடி, நிலப்பிரபுத்துவ முறையை அடியோடு ஒழிப்பதாக முடிவெடுத்தது. 'அடியோடு' என்ற சொல்லோடு பல புத்தகங்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன. சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

சபை நிலப்பிரபுவின் உரிமைகளை இரண்டாகப் பிரித்தது. ஆளின் மேலிருந்த உரிமைகள் ஒரு வகை: பண்ணையடிமை முறை, வேட்டையாடும் தனியுரிமை, விதைத்த வயலில் இறங்கிக் கொத்தித் தின்னும் புறாக்களை வளர்க்கும் உரிமை. இவை ஈடு இல்லாமல் ஒழிந்தன. நிலத்தின் மேலிருந்த உரிமைகள் இன்னொரு வகை: ஆண்டுதோறும் கட்டும் சிறு பணத்தீர்வை, விளைச்சலில் ஒரு பங்கு, நிலம் கைமாறும்போது கட்ட வேண்டிய கட்டணம். இவை 'சொத்து' என்று வகைப்படுத்தப்பட்டன. சொத்தைச் சும்மா பறிக்கக் கூடாதல்லவா? குடியானவர் விலை கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். சபையில் இருந்த வக்கீல்களில் சிலரே அத்தகைய உரிமைகளை வைத்திருந்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

1790 மே 3 அன்று விலை நிர்ணயம் ஆனது. பணமாகக் கட்டும் தீர்வைக்கு ஆண்டுத் தொகையைப் போல் 20 மடங்கு. தானியமாகக் கொடுப்பதற்கு 25 மடங்கு. ஒரு குடும்பம் ஆண்டுக்கு 10 லிவ்ர் பணமும் 20 லிவ்ர் மதிப்புள்ள தானியமும் கொடுத்துவந்ததாக வைத்துக்கொள்வோம். 10-க்கு 200, 20-க்கு 500, ஆக 700 லிவ்ர். நாளுக்கு ஒரு லிவ்ர் கூலி கிடைத்தாலும் 700 நாள் உழைப்பு, அதுவும் ஒரு வாய் சாப்பிடாமல். இதோடு முடியவில்லை. கைமாற்றக் கட்டணத்தையும் சேர்த்து மீட்டால்தான் ஆண்டுத் தீர்வையை மீட்க முடியும் என்று விதி. நம்மூர் முத்திரைத்தாள் கட்டணத்தை, இனிமேல் விற்கவே போகாத நிலத்துக்கும் முன்கூட்டியே கட்டச் சொன்னது போல. கிராமமே கூட்டுப் பொறுப்பாகக் கட்டிவந்த தீர்வையாக இருந்தால் ஒருவர் மட்டும் தனியாக மீளவும் முடியாது. நிலப்பிரபு நீண்டகாலமாக வாங்கிவந்தாலே அது உரிமைக்குப் போதிய சான்று. இல்லையென்று நிரூபிப்பது குடியானவர் தலையில்.

ஆக, மீட்டவர்கள் கொஞ்சம். கட்டுவதை நிறுத்திவிட்டவர்கள் நிறைய. கலகம் ஓயவில்லை. போரும் வந்து, முடியாட்சியும் சரிந்த பிறகு, 1792 ஆகஸ்ட் 25 அன்று சட்டம் தலைகீழானது. மூல ஆவணத்தைக் காட்டினால்தான் நிலப்பிரபு எதையும் கேட்க முடியும். மூன்று ஆண்டுக்கு முன் கொளுத்தப்பட்ட காகிதங்களின் அருமை அப்போதுதான் இரு தரப்புக்கும் தெரிந்தது. 1793 ஜூலை 17 சட்டம் மிச்சத்தையும் ஈடில்லாமல் ஒழித்து, ஆவணங்களைப் பொதுவில் எரிக்கச் சொன்னது. ஆகஸ்ட் 4 இரவு சொன்னது நடந்து முடிய நான்கு ஆண்டுகள் ஆயின.

இதில் லாபம் யாருக்கு? சொந்தமாகச் சிறு நிலமாவது வைத்திருந்தவருக்கு. குத்தகைக்காரருக்கும் விளைச்சலில் பங்குக்கு உழுத வாரக்காரருக்கும் கதை வேறு. திருச்சபைக்குப் போன தசமபாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒழிந்தபோது எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் 1790 டிசம்பரில் வந்த சட்டம், தசமபாகத்தின் மதிப்பை நில உரிமையாளர் குத்தகையோடு கூட்டிக்கொள்ளலாம் என்றது. கோயிலுக்குப் போன கதிர்க்கட்டு இப்போது நிலக்காரர் வீட்டுக்குப் போனது. உழுதவர் களத்திலிருந்து அது போனதில் மாற்றமில்லை. புரட்சி குடியானவர்களை விடுவித்தது என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு சட்டத்தையாவது படித்துவிட்டு எழுதலாம்.

அடுத்தது நில விற்பனை. 1789 நவம்பர் 2 அன்று திருச்சபைச் சொத்து முழுவதும் தேசத்தின் வசம் வந்தது. அரசிடம் ரொக்கம் இல்லை; அதனால் இந்த நிலத்தை ஈடாகக் காட்டி 40 கோடி லிவ்ருக்குக் காகிதம் வெளியிட்டார்கள். அஸிஞா என்று பெயர். முதலில் அது 5 சதவீத வட்டி தரும், 1,000 லிவ்ர் முகமதிப்புள்ள பத்திரம். 1790 ஏப்ரலில் அது நாணயம்போலச் செல்லும் என்று ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் வட்டியே இல்லாமல் மேலும் 80 கோடிக்கு அச்சிட்டு, மொத்தத்தை 120 கோடியாக்கினார்கள். அதற்குப் பிறகு அச்சகம் நிற்கவில்லை.

1790 மே 14 சட்டப்படி நிலம் மாவட்டத் தலைநகரில் ஏலம். விவசாய நிலத்துக்கு 12 சதவீதம் முன்பணம், மிச்சம் 12 ஆண்டுத் தவணை, 5 சதவீத வட்டி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 3,000 லிவ்ர் நிலத்துக்கு 360 லிவ்ர் இருந்தால் போதும். ஆனால் அந்த 360-ஐ ஒரே தடவையில் எண்ணிவைக்கக் கூடியவர் யார்? ஏலம் நகரத்தில்; பெரும்பாலும் பண்ணை முழுசாக ஏலத்துக்கு வரும்; எதிரே நோட்டரி, தானிய வியாபாரி, வக்கீல் உட்கார்ந்திருப்பார்கள். நவம்பரிலேயே தவணைக் காலத்தையும் ஏறக்குறைய நான்கரை ஆண்டாகச் சுருக்கினார்கள். சில இடங்களில் கிராமத்தார் கூட்டுச் சேர்ந்து வாங்கிப் பிறகு பங்கு பிரித்துக்கொண்டார்கள். 1793 ஏப்ரல் 24 சட்டம் அதையும் தடுத்தது. நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களின் நிலத்தைச் சிறு துண்டுகளாக விற்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூனில் சட்டம் வந்தபோது, நல்ல பண்ணைகளில் பல ஏற்கெனவே கைமாறியிருந்தன.

ஏலத்தில் எடுத்தவருக்கு அடித்த யோகம் அதன் பிறகுதான். தவணையை அஸிஞாவில், முகமதிப்புக்கே கட்டலாம். அஸிஞா விழ விழ அவருடைய கடன் தானாகக் கரைந்தது. 1795 முடியும்போது 100 லிவ்ர் அஸிஞாவுக்கு ஒரு லிவ்ர் வெள்ளிகூடக் கிடைக்காத நிலை. கடைசித் தவணைகளைச் சந்தையில் கொஞ்சம் தானியம் விற்றே அடைத்தவர்கள் உண்டு. 1796 பிப்ரவரி 19 அன்று பாரிஸின் வாண்டோம் சதுக்கத்தில் அச்சு இயந்திரங்களையும் தகடுகளையும் ஊரறிய உடைத்தார்கள். அதற்குள் நிலம் வாங்கியவர் நிலக்காரராகிவிட்டார். காகிதத்தை நம்பியவர் ஏமாளியாகிவிட்டார்.

காகிதத்தை நம்பியவர்களில் எனக்கு மிகவும் சுவையாகப் படுவது பதவி வாங்கியவர்களின் கதை. பழைய ஆட்சியில் நீதிபதிப் பதவி முதல் உப்புக் களஞ்சிய அதிகாரி வரை பல வேலைகளை அரசன் விற்றான்; வாங்கியவர் மகனுக்கு விட்டுச்செல்லலாம், மறுவிற்பனையும் செய்யலாம். ஆகஸ்ட் 4 இரவு இதையும் ஒழித்து, ஈடு தருவதாகச் சொன்னார்கள். எந்த மதிப்பில்? 1771-இல் ஒவ்வொருவரும் தம் பதவியின் விலையைத் தாமே எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விலையின் மேல் ஆண்டுக்கு ஒரு சதவீத வரி. வரி குறையட்டும் என்று பலர் அடிமாட்டு விலை எழுதிக்கொடுத்திருந்தார்கள். சபை அந்தக் கணக்கையே எடுத்துவைத்து ஈடு கொடுத்தது. பத்திரப்பதிவில் மதிப்பைக் குறைத்துக் காட்டிவிட்டு, பிறகு சாலைக்கு நிலம் எடுக்கும்போது விழிக்கிறவரைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. ஈட்டை அஸிஞாவில் வாங்கியவர்களில் கெட்டிக்காரர்கள் கையோடு திருச்சபை நிலத்தை ஏலம் எடுத்துத் தப்பித்தார்கள். பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள் போனார்கள்.

அரசுக்குக் கடன் கொடுத்து வட்டியில் வாழ்ந்தவர்கள் பாடு அதைவிட மோசம். பாரிஸில் விதவைகள், ஓய்வுபெற்ற வியாபாரிகள், சேமிப்பைப் போட்டுவைத்த வேலைக்காரர்கள் என்று இவர்கள் ஏராளம். சில ஆண்டுகள் வட்டி மதிப்பிழந்த காகிதமாக வந்தது. 1797 செப்டம்பர் 30 அன்று அரசு தன் கடனில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஏற்றுக்கொண்டு, மீதிக்கு வேறொரு பத்திரம் நீட்டியது. அதுவும் சீக்கிரமே மதிப்பிழந்தது. நாடு மூன்றில் இரண்டு பங்கு திவால்.

இனி குருக்கள். தொடக்கத்தில் கிராமத்துப் பங்குத்தந்தைக்குப் புரட்சி சம்பள உயர்வாகவே வந்தது. 1790 ஜூலை 12-இன் திருச்சபைச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்தை 700-லிருந்து 1,200 லிவ்ராக்கியது. ஆயர்களின் வருமானம் வெட்டப்பட்டது. மாவட்டத்துக்கு ஒன்றாக 83 மறைமாவட்டங்கள் மட்டும் மிஞ்சின. ஆனால் பங்குத்தந்தையையும் ஆயரையும் வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்றும், எல்லோரும் அரசியலமைப்புக்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்றும் சேர்த்ததில் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. ஆயர்களில் 7 பேர்தான் சத்தியம் செய்தார்கள். பங்குத்தந்தையரில் பாதிக்குச் சற்று மேல். பாரிஸைச் சுற்றியும் தென்கிழக்கிலும் பெரும்பாலோர் செய்தார்கள். மேற்கிலும் அல்சாசிலும் மறுத்தார்கள். மறுத்தவர்களை நாடு கடத்த 1792 மே மாதம் சட்டம் வந்தது. செப்டம்பரில் பாரிஸ் சிறைகளில் நடந்த படுகொலைகளில் 200-க்கும் மேற்பட்ட குருக்கள் இறந்தார்கள். சத்தியம் செய்தவர்களாவது பிழைத்தார்களா என்றால், 1794 செப்டம்பரில் அவர்கள் சம்பளமும் நின்றது.

மேற்கில் இது உள்நாட்டுப் போராயிற்று. வாந்தே பகுதிக் குடியானவர்களின் பார்வையில் பாருங்கள். ஊர்ச் சாமியாரைத் துரத்தினார்கள். மடத்து நிலத்தை நகரத்து வக்கீல் வாங்கிவிட்டார். வரி குறையவில்லை. 1793 பிப்ரவரியில் 3 லட்சம் பேரைப் படைக்கு எடுக்க ஆணை; உள்ளூர் அதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு. அந்த அதிகாரிகள் யார்? பெரும்பாலும் நிலம் வாங்கிய அதே ஆட்கள். மார்ச்சில் கலகம் வெடித்தது. 'பிற்போக்குக் குடியானவர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சோம்பேறித்தனம்.

பிரபுக்கள் கில்லட்டினில் கூட்டங்கூட்டமாக அழிந்தார்கள் என்பது பரவலான நம்பிக்கை. 1793-94-இன் பயங்கர ஆட்சியில் முறையாகத் தீர்ப்பளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 16,600 பேர். அதில் பிரபுக்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. கைவினைஞர்களும் குடியானவர்களும் சேர்ந்து பாதிக்கும் மேல். நாட்டைவிட்டு ஓடியவர்கள் சுமார் 1,29,000 பேர். அதிலும் பிரபுக்கள் ஆறில் ஒரு பங்கு அளவுதான். அவர்கள் எண்ணிக்கை சிறிது என்பதால் விகிதப்படி அடி பலமானது என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான பிரபுக்கள் 1790 ஜூனில் பட்டத்தை இழந்து, தீர்வைகளை இழந்து, சொந்தப் பண்ணையை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள். கணவன் எல்லை தாண்டியதும் மனைவி விவாகரத்து வாங்கித் தன் பங்கைக் காப்பாற்றிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. பழைய கணக்கப்பிள்ளையின் பெயரில் ஏலம் எடுத்துத் திரும்ப வாங்கியவர்களும் உண்டு. நிலமிருந்தவர் தப்பினார் என்பது இவர்களுக்கும் பொருந்தும்.

நகரத்தில் கையை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்டதுதான் அதிகம். 1789 ஜூலையில் பாரிஸில் நான்கு பவுண்டு ரொட்டி 14½ சூ. கூலியில் பாதியோ அதற்கு மேலோ அதற்கே போனது. 1791 மார்ச்சில் கைவினைத் தொழிற்குழுக்கள் ஒழிக்கப்பட்டன. உரிமக் கட்டணம் கட்டினால் யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம். பட்டறை வைக்கப் பணமில்லாத கைத்தொழிலாளிக்கும் இதில் சந்தோஷமே. உடனே பாரிஸ் தச்சர்கள் நாள் கூலி குறைந்தது 50 சூ வேண்டும் என்று கூடினார்கள். ஜூன் 14 அன்று லெ ஷப்பலியே சட்டம் வந்தது: ஒரே தொழில் செய்கிறவர்கள் கூடக் கூடாது, தலைவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, கூலி பற்றித் தீர்மானம் போடக் கூடாது. முதலாளிகளுக்கும் அதே தடைதான். ஆனால் நான்கு முதலாளிகள் விருந்துக்குக் கூடினால் யாருக்குத் தெரியும்? வேலைநிறுத்தம் குற்றமில்லை என்றாக 1864 வரையும், தொழிற்சங்கம் சட்டபூர்வமாக 1884 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வாக்குரிமையிலும் அதே கதை. 25 வயதாகி, மூன்று நாள் கூலிக்குச் சமமான நேரடி வரி கட்டும் ஆண்தான் 'செயலுறு' குடிமகன். வீட்டு வேலைக்காரர் எவ்வளவு வரி கட்டினாலும் கிடையாது.

1793-இல் தெருவின் அழுத்தத்தால் விலை உச்சவரம்பு வந்தது. செப்டம்பர் 29 சட்டம்: பொருள் விலை 1790-இல் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு வரை, கூலி பாதி வரை உயரலாம். தாளில் பார்த்தால் தொழிலாளிக்கு லாபம். நடைமுறையில் ஆள் பற்றாக்குறையால் கூலி ஏற்கெனவே அதற்கு மேல் போயிருந்தது. விலை வரம்பால் சரக்கு கடையிலிருந்து மறைந்தது. பாரிஸ் நகராட்சி கூலி வரம்பைக் கண்டிப்பாக வெளியிட்டது 1794 ஜூலை 23 அன்று, பலருக்கு அது கூலிக் குறைப்பு. நான்கு நாள் கழித்து, பயங்கர ஆட்சியின் முக்கியத் தலைவரான ரோபஸ்பியர் வீழ்ந்தபோது, காப்பாற்ற வர வேண்டிய தெரு வரவில்லை. டிசம்பரில் வரம்பை நீக்கியதும் விலை கைமீறியது. கடுங்குளிர், பஞ்சம். 1795 மே 20 அன்று "ரொட்டியும் 1793 அரசியலமைப்பும்" என்று கேட்டுக் கூட்டம் சபைக்குள் புகுந்தது. படை வந்து அடக்கியது. சில நாளில், தெருவில் ஐந்து பெண்களுக்கு மேல் கூடினால் கைது என்று ஆணை.

பெண்களைப் பற்றி எழுதுகிறவர்கள், 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டு அரண்மனைக்கு நடந்த வெர்சாய் ஊர்வலத்தையும், 1793 அக்டோபரில் பெண்கள் சங்கங்கள் தடைசெய்யப்பட்டதையும் சொல்லிவிட்டு நிறுத்துகிறார்கள். குடும்பத்துக்குள் நடந்தது அதைவிடப் பெரிது. நார்மாந்தி வழக்கப்படி மகன் இருந்தால் மகளுக்குச் சொத்தில் பங்கில்லை, சீதனத்தோடு சரி. 1794 ஜனவரி 6 சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்றது. அதுவும் 1789 ஜூலை 14 முதல் முன்தேதியிட்டு. ஏற்கெனவே பிரித்த சொத்தைத் திரும்பப் பிரிக்கச் சொல்லி அக்காள் தங்கைகள் அண்ணன் தம்பிகள் மேல் வழக்குப் போட்டார்கள். முன்தேதி விதி 1795-இல் ரத்தானது. பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற அடிப்படை நெப்போலியன் சட்டத்திலும் நிலைத்தது. 1792 செப்டம்பர் 20-இன் விவாகரத்துச் சட்டம் பரஸ்பர சம்மதத்தையும் மனமொவ்வாமையையும்கூட ஏற்றது. அடுத்த இரண்டரை ஆண்டுகளில் பாரிஸில் மட்டும் ஏறத்தாழ 6,000 விவாகரத்துகள். ஒருவர் மட்டும் கேட்டவற்றில் பெரும்பாலானவை மனைவிமார் கேட்டவை. 1804-இல் அது குறுகியது, 1816-இல் ஒழிந்தது. இதே காலத்தில், பிரபுக்களும் கோயில்களும் வாங்கிவந்த சரிகைப் பின்னலை நம்பியிருந்த கிராமத்துப் பெண்கள் வேலையிழந்தார்கள்.

தெற்கத்திய யூதர்கள் 1790 ஜனவரியிலும், அல்சாஸ், லொரேன் பக்கத்தவர்கள் 1791 செப்டம்பரிலும் குடிமக்களானார்கள். அதிலும் ஒரு முள்: கலைக்கப்பட்ட மற்ற அமைப்புகளின் கடனை ஏற்ற அரசு, யூதச் சமூகங்களின் பழைய கடனை ஏற்கவில்லை. மெட்ஸ் நகர யூதர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தம் கையே தமக்குச் சொந்தமில்லாதவர்கள் கடைசியாக. கரீபியன் கடலில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான சான் டொமிங்குவில் ஐந்து லட்சத்துக்கு நெருக்கமான அடிமைகள் 1791 ஆகஸ்டில் கிளர்ந்தார்கள். அங்கே நடைமுறையில் வென்றெடுத்த விடுதலையைத்தான் 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் எல்லாக் குடியேற்றங்களுக்குமான சட்டமாக்கியது. புதுச்சேரியை முந்தைய ஆகஸ்டிலேயே ஆங்கிலேயர் பிடித்துவிட்டதால் அங்கே அது எட்டவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் அடிமைகளாக இருந்த மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் தோட்ட முதலாளிகள் அதை அமல்படுத்த விடவில்லை. பாரிஸிலிருந்து வந்த பிரதிநிதிகளை 1796-இல் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1802-இல் நெப்போலியன் அடிமை முறையை மீண்டும் சட்டமாக்கினான். சான் டொமிங்கு மட்டும் போரிட்டு, 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி என்ற தனி நாடானது.

ஈட்டுக் கணக்கு முடிந்தது 1825-இல். ஏப்ரல் 17 அன்று அரசன் பத்தாம் சார்ல்ஸ் ஓர் ஆணையில் கையெழுத்திட்டான்: ஹைட்டியின் சுதந்திரத்தை ஏற்க வேண்டுமானால், முன்னாள் தோட்ட முதலாளிகளுக்கு ஈடாக ஐந்து தவணைகளில் 15 கோடி பிராங்க் (லிவ்ருக்குப் பதிலாக வந்த பணம்) கட்ட வேண்டும். சரியாகப் பத்து நாள் கழித்து, ஏப்ரல் 27 அன்று, நிலம் பறிபோன பிரபுக்களுக்குப் பிரெஞ்சுக் கருவூலத்திலிருந்தே 3 சதவீதப் பத்திரங்களாக ஈடு தரும் சட்டம் நிறைவேறியது. ஹைட்டிக்கு அந்த ஆணையைக் கொண்டுபோன தூதருக்குத் துணையாக 14 போர்க்கப்பல்கள் போயின. முதல் தவணையைக் கட்டவே ஹைட்டி பாரிஸ் வங்கியாளர்களிடம் 3 கோடி பிராங்க் கடன் எடுத்தது. தரகும் கழிவும் போகக் கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம்.